சிக்ஸ் பை சிக்ஸ்: கண் பரிசோதனை சார்ட்டை ரசிப்பது எப்படி?

கண் டாக்டரிடம் ஒருமுறையாவது போன எல்லோரும் அந்த வெள்ளைப் பலகையைப் பார்த்திருப்பார்கள். உச்சியில் ஒற்றை எழுத்து, ஏறக்குறைய உள்ளங்கை உயரத்துக்கு. கீழே வர வர எழுத்துகள் எண்ணிக்கையில் கூடும், உருவத்தில் சிறுக்கும். “இந்தக் கண்ண மூடிக்கங்கய்யா, மேலருந்து வாசிங்க” என்பார் பரிசோதிக்கும் பெண். வாசிப்போம். தெரியாத வரி வந்ததும் நின்றுவிடுவோம். சீட்டில் 6/6 என்றோ 6/12 என்றோ எழுதித் தருவார்கள். அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கண்ணாடிக் கடையைத் தேடிப் போய்விடுவோம்.

அந்தப் பலகையை வாசிக்கிறோமே தவிர, பார்ப்பதில்லை. 160 ஆண்டுகளுக்கும் மேலாக உலகம் முழுக்கப் பயன்படும் அளவுகோல் அது. ஒரு மனிதரின் கண் எவ்வளவு நுணுக்கமாகப் பார்க்கிறது என்பதை ரத்தம் எடுக்காமல், மின்சாரம் இல்லாமல், ஒரு தாளையும் ஆறு மீட்டர் தூரத்தையும் வைத்தே சொல்லிவிடும். அதன் கட்டுமானம் புரிந்துவிட்டால் சீட்டில் இருக்கும் எண் டாக்டருடைய எண்ணாக இருக்காது, உங்களுடையதாகிவிடும்.

மதுரைக்காரர்களுக்கு இதில் கூடுதல் உரிமை உண்டு. டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு, 1976இல், 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கியது இந்த ஊரில்தான். முடக்குவாதம் விரல்களைக் கோணலாக்கியிருந்தும், அந்த விரல்களாலேயே ஆயிரக்கணக்கானோருக்குக் கண்புரை அறுவைச் சிகிச்சை செய்தவர் அவர். பார்வையிழப்பைத் தடுப்பதற்கான தேசியத் திட்டம் தொடங்கியதும் அதே 1976இல்தான். அன்று தொட்டுப் பள்ளிக்கூட வராந்தாவிலோ கல்யாண மண்டபத்திலோ கண் முகாம் நடக்கும்போதெல்லாம் சுவரில் முதலில் ஏறுவது இந்த சார்ட்தான்.

எழுத்தைப் பார்க்காதீர்கள், இடைவெளியைப் பாருங்கள்

இந்தப் பலகையை உருவாக்கியவர் நெதர்லாந்து நாட்டின் உத்ரெக்ட் நகரில் பணியாற்றிய கண் மருத்துவர் ஹெர்மன் ஸ்னெல்லன். ஆண்டு 1862. அதற்கு முன்பும் வாசிக்கவைத்துக் கண்ணைச் சோதிக்கும் தாள்கள் இருந்தன. ஆனால் ஒவ்வொரு மருத்துவரும் கைக்குக் கிடைத்த அச்செழுத்தை வைத்துக்கொண்டார்கள். ஓர் ஊரில் எடுத்த அளவை இன்னோர் ஊரில் ஒப்பிட முடியாது. ஸ்னெல்லன் செய்தது இதுதான்: எழுத்தையே ஓர் அளவுகோலாகச் செதுக்கினார்.

ஆங்கில ‘ஈ’ எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நெடுக்காக ஒரு முதுகு, அதிலிருந்து நீளும் மூன்று கைகள். மேலிருந்து கீழே எண்ணிப் பாருங்கள்: கறுப்பு, வெள்ளை, கறுப்பு, வெள்ளை, கறுப்பு. மொத்தம் ஐந்து அடுக்கு, ஐந்தும் ஒரே தடிமன். ஸ்னெல்லனின் எழுத்துகள் எல்லாம் இப்படி ஐந்துக்கு ஐந்து கட்டத்துக்குள் அடங்குபவை. கோட்டின் தடிமன் ஒரு பங்கு என்றால் உயரம் ஐந்து பங்கு.

கைகளுக்கு நடுவே இருக்கும் அந்த வெள்ளை இடைவெளிதான் சோதனையே. அது தெரிந்தால் உங்களுக்கு ‘ஈ’ தெரியும். தெரியாவிட்டால் கறுப்பாக ஒரு சதுரம் மட்டும் தெரியும். எனவே அடுத்த முறை சார்ட்டுக்கு முன் உட்காரும்போது கறுப்பை விட்டுவிட்டு வெள்ளையைக் கவனியுங்கள். எந்த வரியில் வெள்ளை மூடிக்கொள்கிறதோ, அதுதான் உங்கள் கண்ணின் எல்லை.

அந்த எல்லை சராசரி ஆரோக்கியமான கண்ணுக்கு எவ்வளவு? ஒரு பாகையை 60ஆகப் பிரித்தால் வரும் ஒரு கலை அளவு. இன்றைய ஒரு ரூபாய் நாணயத்தைச் சுமார் 70 மீட்டர் தள்ளி வைத்தால் அது உங்கள் கண்ணில் எவ்வளவு இடத்தை அடைக்குமோ, அவ்வளவுதான். அந்தச் சின்ன இடைவெளியை ஆறு மீட்டரில் காட்டவேண்டும் என்றால் கோட்டின் தடிமன் 1.7 மில்லிமீட்டர், எழுத்தின் உயரம் 8.7 மில்லிமீட்டர். ‘சிக்ஸ் பை சிக்ஸ்’ என்று சொல்லப்படும் வரியின் எழுத்து அந்த உயரத்தில்தான் இருக்கும். உச்சியில் இருக்கும் ஒற்றை எழுத்து அதைப் போல் சரியாகப் பத்து மடங்கு.

பின்னத்தை வாசிக்கும் முறை

6/12 என்று எழுதியிருந்தால், “பாதிப் பார்வை போயிருச்சு” என்று வீட்டில் கலங்கிப்போகிறவர்கள் உண்டு. அது பள்ளிக்கூடத்துப் பின்னம் அல்ல. மேலே இருக்கும் 6 நீங்கள் உட்கார்ந்திருக்கும் தூரம், மீட்டரில். கீழே இருக்கும் 12, சராசரியான நல்ல கண் அதே எழுத்தை எவ்வளவு தூரம் தள்ளி நின்று வாசிக்கும் என்ற கணக்கு. அடுத்தவர் 12 மீட்டரில் நின்று வாசிப்பதை நீங்கள் ஆறு மீட்டருக்கு வந்து வாசிக்கிறீர்கள். அவ்வளவுதான். பலகையின் படிகள் மேலிருந்து இப்படி இறங்கும்: 60, 36, 24, 18, 12, 9, 6. உச்சி எழுத்து மட்டுமே தெரிகிறது என்றால் 6/60.

ஏன் ஆறு மீட்டர்? அந்தத் தூரத்திலிருந்து வரும் ஒளிக்கதிர்கள் கண்ணை அடையும்போது கிட்டத்தட்ட இணையாக இருக்கும். கண்ணின் லென்ஸ் தன்னை இறுக்கிக்கொள்ளாமல் ஓய்வாகப் பார்க்க முடியும். கடையில் இடம் இல்லாதபோது சார்ட்டை உங்கள் தலைக்குப் பின்னால் மாட்டி, மூன்று மீட்டர் தள்ளிக் கண்ணாடி வைத்து அதில் பார்க்கச் சொல்வார்கள். போக மூன்று, வர மூன்று, ஆக ஆறு. திரும்பிப் பார்த்தால் பலகையில் எழுத்துகள் இட வலம் மாறி அச்சாகியிருப்பது தெரியும்.

அமெரிக்காவில் மீட்டருக்குப் பதில் அடிக்கணக்கு. ஆறு மீட்டர் என்பது ஏறத்தாழ 20 அடி. அதனால் நம்முடைய 6/6 அங்கே 20/20. ‘ட்வென்டி ட்வென்டி’ என்றாலே நம் பிள்ளைகளுக்குக் கிரிக்கெட்தான் நினைவுக்கு வரும். ஆங்கிலத்தில் அந்தச் சொல் பிறந்தது இந்தப் பலகையில். பிரிட்டனில் கண் மருத்துவர்கள் 6/6 என்றே எழுதினாலும், பேச்சில் 20/20 என்பதே வழக்கு. கண்ணை விட்டு வெளியே வந்து, எதையும் தெளிவாகப் புரிந்துகொள்வதற்கும் அந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறார்கள். காரியம் முடிந்த பிறகு எல்லோருக்கும் 20/20 பார்வை வந்துவிடும் என்பது அவர்களுடைய சொலவடை. நாம் பின்புத்தி என்போமே, அதுதான்.

6/6 என்பது குறையே இல்லாத பார்வை என்று நினைப்பது தவறு. அது ஒரு நியம அளவு மட்டுமே. ஆரோக்கியமான இளம் கண்கள் பல, 6/5, 6/4 வரைகூட வாசிக்கும். கழுகின் கண் மனிதக் கண்ணைவிட இரண்டு மடங்குக்கும் மேல் கூர்மை.

சீட்டில் இன்னோர் எண்ணும் இருக்கும். நாம் ‘பவர்’ என்று சொல்வது. மைனஸ் இரண்டு, மைனஸ் நான்கு என்று வரும். இதையும் 6/6ஐயும் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. பவர் கண்ணாடிக்கான அளவு, 6/6 பார்வையின் அளவு. மைனஸ் நான்கு பவர் உள்ளவர் கண்ணாடி போட்டுக்கொண்டு 6/6 வாசிக்கலாம். அந்த மைனஸ் எண்ணிலும் ஒரு செய்தி ஒளிந்திருக்கிறது. ஒன்றை அதனால் வகுத்துப் பாருங்கள். மைனஸ் ஒன்று என்றால் கண்ணாடி இல்லாமல் ஒரு மீட்டர் வரை தெளிவு. மைனஸ் இரண்டு என்றால் அரை மீட்டர். மைனஸ் நான்கு என்றால் கால் மீட்டர், அதாவது 25 சென்டிமீட்டர். அதற்கு அப்பால் உலகம் மங்கத் தொடங்கும்.

இரண்டு சுழியும் மூன்று சுழியும்

தமிழ் எழுத்துகளை வைத்தும் சார்ட் உண்டு. அதைப் பார்ப்பது தனி ருசி. ‘ப’, ‘ட’ இரண்டும் நேர்கோடுகள். ஸ்னெல்லனின் கட்டத்துக்குள் தயங்காமல் உட்காரும். ‘ண’ அப்படி இல்லை. மூன்று சுழி, பிறகு ஒரு கால். அதே உயரத்தில் எழுதினால் கோடுகள் ஒன்றை ஒன்று நெருக்கும். ரெண்டு சுழி ‘ன’வா, மூணு சுழி ‘ண’வா என்பது தூரத்தில் முதலில் குழம்பும் இடம். ‘ர’வுக்கும் துணைக்காலுக்கும் உள்ள வேறுபாடு அடியில் இருக்கும் சிறு சாய்கோடு மட்டுமே. மெய்யெழுத்தின் புள்ளி இன்னும் சிறிது. ஆக, ஒரே உயரத்தில் இருந்தாலும் எல்லா எழுத்தும் கண்ணுக்கு ஒரே சுமை அல்ல. தமிழ் சார்ட்டைத் தயாரிப்பவர் ஒரு வரியில் எந்தெந்த எழுத்தைச் சேர்ப்பது என்று பார்த்துப் பார்த்துத்தான் பொறுக்க வேண்டும்.

பலகையில் சொற்கள் இல்லாமல் தனி எழுத்துகள் மட்டும் இருப்பதற்கும் காரணம் உண்டு. சொல்லாக இருந்தால் கண் பார்க்காததை மனம் நிரப்பிவிடும். மதுரையின் அவனியாபுரம் என்ற பெயரில் ‘அவனியாபு’ வரைக்கும் தெரிந்தால் போதும், மிச்சத்தைப் பார்க்காமலே வாசித்துவிடுவோம். கடைசி ‘ம்’மின் புள்ளியை நம் கண் பார்த்ததா, பழக்கம் பார்த்ததா என்று சொல்ல முடியாது. தொடர்பில்லாத எழுத்துகள் மனத்தின் உதவியைத் துண்டித்துக் கண்ணைத் தனியே பேசவைக்கின்றன.

வாசிக்கத் தெரியாதவர்களையும் சின்னப் பிள்ளைகளையும் இந்தப் பலகை கைவிடவில்லை. அவர்களுக்கு ‘ஈ’ எழுத்தையே நான்கு திசையிலும் திருப்பிப் போட்டு, “கை எந்தப் பக்கம் நீட்டியிருக்கு? அதே மாதிரி காட்டுங்க” என்பார்கள். 1888இல் கண் மருத்துவர் எட்மண்ட் லாண்டோல்ட் அறிமுகப்படுத்திய வளையம் இன்னும் எளிமை. ஒரு வட்டம், அதில் ஓர் இடத்தில் வெட்டு. வெட்டு எந்தப் பக்கம் என்று சொன்னால் போதும். எந்த மொழியும் தேவையில்லை.

அவனியாபுரத்தில் நின்று பார்க்க

பலகையின் கணக்கைத் தெருவுக்குக் கொண்டுவரலாம். 6/6 பார்வைக்கு, எழுத்தின் உயரத்தில் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் ஏறத்தாழ ஏழு மீட்டர் தூரம். நினைவில் வைத்துக்கொள்ள இது ஒன்றே போதும்.

மதுரை பெரியார் பஸ் நிலையத்திலிருந்து அவனியாபுரத்துக்கு வரும் பஸ்ஸின் நெற்றியில் ஊர்ப் பெயர் 15 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால், நல்ல வெளிச்சத்தில் சுமார் 100 மீட்டரில் வாசிக்கலாம். சுழி நிறைந்த எழுத்துகள் இன்னும் கொஞ்சம் நெருங்கி வந்த பிறகே பிரியும். வீட்டில் இரண்டு பேர் நின்று, ஒவ்வொரு கண்ணாக மூடி, யாருக்கு எந்த இடத்தில் தெரிகிறது என்று பாருங்கள். ஒரே ஆளின் இரண்டு கண்களுக்கும் நடுவே உள்ள வேறுபாடுகூட அப்போது வெளிப்படும்.

தை முதல் நாள் அவனியாபுரம் ஜல்லிக்கட்டுக்கு வருகிறவர்கள் மாடுபிடி வீரர்களின் பனியன் எண்ணைக் கவனியுங்கள். எண் 20 சென்டிமீட்டர் உயரம் என்று வைத்துக்கொண்டால் ஏறக்குறைய 140 மீட்டர் வரை வாசிக்க முடியும். ஆனால் அசையாத எண்ணுக்குத்தான் இந்தக் கணக்கு. வாடிவாசலைத் தாண்டிய காளையின் திமிலோடு சேர்ந்து சுழலும் எண், புழுதிக்கு நடுவே அதைவிட வெகுவாக நெருங்கினால்தான் பிடிபடும்.

மதுரை விமான நிலையத்தை நோக்கித் தாழ இறங்கும் விமானத்தைப் பாருங்கள். முதலில் ஒரு விளக்கு. பிறகு இறக்கை. அதன் பிறகு ஜன்னல்கள் ஒரு கோடாகத் தெரியும். அந்தக் கோடு உடைந்து தனித்தனி ஜன்னல்களாகப் பிரிகிற கணத்தைப் பிடியுங்கள். ஜன்னலுக்கும் ஜன்னலுக்கும் நடுவே சுமார் 30 சென்டிமீட்டர் இடைவெளி. 6/6 கண்ணுக்கு அது பிரிந்து தெரிந்தால் விமானம் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டருக்குள் வந்துவிட்டது என்று பொருள்.

வைகாசி, ஆனி மாதங்களில் முன்னிரவில் வடக்கே திரும்பி, ஏறக்குறைய பாதி உயரத்தில் சப்தரிஷி மண்டலத்தைத் தேடுங்கள். அதன் வாலில் கடைசிக்கு முந்திய நட்சத்திரம் வசிஷ்டர். ஒட்டினாற்போல் மங்கலாக இருப்பது அருந்ததி. கல்யாணத்தில் அம்மி மிதித்து அருந்ததி பார்க்கச் சொல்வது இந்த நட்சத்திரத்தைத்தான். இரண்டுக்கும் இடையே சுமார் 12 கலை இடைவெளி, நம் கண்ணின் எல்லையைப் போல் பன்னிரண்டு மடங்கு. ஆகவே பிரித்துப் பார்ப்பது கடினம் அல்ல. அருந்ததி மங்கலானது, நகர வெளிச்சம் அதை விழுங்கிவிடும். அதனால் தெருவிளக்குகளை விட்டுத் தள்ளி, ஊரின் தென்பக்க வயல்வெளிக்குப் போய்ப் பார்ப்பது நல்லது. இருட்டில் நின்றும் இரண்டும் ஒன்றாகக் கலங்கித் தெரிந்தால், கண்ணாடி தேவையா என்று சோதித்துக்கொள்ளுங்கள்.

ஊசித்துளை சொல்லும் உண்மை

ஒரு கெட்டி அட்டையில் ஊசியால் துளையிட்டுக் கண்ணருகே வைத்து, மங்கலாகத் தெரிந்த எழுத்தைப் பாருங்கள். பலருக்குச் சட்டென்று தெளிவாகும். சிதறி வரும் கதிர்களைத் துளை தடுத்து, நடுவே வரும் மெல்லிய கற்றையை மட்டும் உள்ளே விடுவதுதான் காரணம். கிட்டப்பார்வை உள்ளவர்கள் கண்ணைச் சுருக்கிப் பார்ப்பதும் இதே வேலை. கிட்டப்பார்வையைக் குறிக்கும் ‘மயோபியா’ என்ற சொல்லே, கண்ணை மூடுதல் என்ற பொருள் கொண்ட கிரேக்க வேரிலிருந்து வந்தது.

கண் மருத்துவமனைகளிலும் துளையிட்ட கறுப்புத் தகட்டை வைத்து இப்படிச் சோதிப்பார்கள். துளை வழியே பார்வை கூடினால், குறை பெரும்பாலும் கண்ணாடியால் சரியாகும். கூடாவிட்டால் புரையோ விழித்திரைக் கோளாறோ வேறு காரணமோ இருக்கலாம். வீட்டில் செய்து பார்ப்பது புரிந்துகொள்ளத்தான், தீர்ப்புச் சொல்ல அல்ல.

உச்சி எழுத்துக்கும் மேலே

முகாம்களில் பார்த்தால், உச்சி எழுத்தும் தெரியாத பெரியவர்கள் வருவார்கள். அவர்களுக்கு அளவு அங்கே நின்றுவிடாது. மூன்று மீட்டர், இரண்டு மீட்டர், ஒரு மீட்டர் என்று நெருங்கி வந்து, “எத்தனை விரல் காட்டுறேன், தாத்தா?” என்று கேட்பார்கள். அதுவும் இல்லையென்றால் கை அசைவது தெரிகிறதா என்று பார்ப்பார்கள். கடைசியாக டார்ச் வெளிச்சம். வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று முற்றிய புரையோடு இருப்பவர் சரியாகக் காட்டிவிட்டால், உள்ளே விழித்திரை வேலை செய்கிறது என்ற நம்பிக்கை பிறக்கும். அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு அதே மனிதர் பலகையில் பல வரிகள் இறங்கி வாசிக்கக்கூடும்.

நம் நாட்டில் நல்ல கண்ணில் 6/60க்கும் குறைந்தால் பார்வையிழப்பு என்று முன்பு வரையறுத்திருந்தார்கள். 2017இல் உலக சுகாதார நிறுவனத்தின் அளவைப் பின்பற்றி அது 3/60 என்று மாறியது. ஸ்னெல்லனின் பின்னம் ஒரு தேசத்தின் கணக்கெடுப்புக்கும் அடிப்படையாக இருக்கிறது.

பலகைக்குத் தெரியாதவை

ஒன்றை ரசிப்பவருக்கு அதன் எல்லையும் தெரிந்திருக்க வேண்டும். இந்தப் பலகை நேர்ப்பார்வையின் கூர்மையை மட்டும் அளக்கும். பக்கவாட்டுப் பார்வை, நிறம் பிரித்தறிவது, இருட்டில் பார்ப்பது எதையும் அளக்காது. கண் நீர் அழுத்த நோய் ஓரங்களிலிருந்துதான் பார்வையைத் தின்று வரும். நடுப்பார்வை வெகுகாலம் 6/6ஆகவே இருக்கும். சர்க்கரை நோயால் விழித்திரை கெடத் தொடங்கும்போதும் அப்படித்தான். 40 வயதை ஒட்டி வரும் வெள்ளெழுத்தை இந்தப் பலகை காட்டாது. அதற்குக் கையில் பிடித்து வாசிக்கும் அட்டை தனியே உண்டு.

நாற்காலியில் உட்காரும்போது

வரிசையில் காத்திருக்கையில் பலகையை மனப்பாடம் செய்யாதீர்கள். முதல் கண்ணுக்கு வாசித்ததை இரண்டாவது கண்ணுக்கு ஒப்பிக்காதீர்கள். கண்ணைச் சுருக்காதீர்கள். மூடும் கண்ணை உள்ளங்கையால் அழுத்தாமல் குவித்து மூடுங்கள், அழுத்தினால் கையை எடுத்த பிறகும் சற்று நேரம் மங்கலாகவே தெரியும். தெரியவில்லை என்று சொல்ல வெட்கப்பட வேண்டாம். பாதி தெரிகிற வரியில் ஊகித்துச் சொல்வதிலும் தவறில்லை. எங்கே தடுமாறுகிறீர்கள் என்பதுதான் பரிசோதிப்பவருக்கு வேண்டிய தகவல். தேறுவதற்கும் தோற்பதற்கும் அங்கே ஒன்றும் இல்லை. பொய்யாக வாங்கும் 6/6 உங்களுக்கு மட்டுமே நஷ்டம்.

குழந்தைகள் விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். பிறந்ததிலிருந்து மங்கலாகவே பார்க்கும் பிள்ளைக்கு, உலகம் அப்படித்தான் இருக்கும் என்று தோன்றும். அது வாய் திறந்து சொல்லாது. கரும்பலகையை விட்டுவிட்டுப் பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து எழுதினால், டிவிக்கு அருகே போய் உட்கார்ந்தால், திட்டாமல் பலகைக்கு முன் உட்காரவையுங்கள். ஒரு கண் நன்றாகவும் மறு கண் மோசமாகவும் இருந்தால் சிறு வயதிலேயே கண்டுபிடிக்க வேண்டும். காலம் தாழ்ந்தால் அந்தக் கண் சோம்பிப்போய்விடும், பிறகு கண்ணாடி போட்டும் முழுப் பார்வை வராது. வெயிலும் வெளிச்சமுமாக வெளியே விளையாடும் நேரம், கிட்டப்பார்வை தொடங்குவதைத் தள்ளிப்போட உதவுகிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. பிள்ளைகளை மைதானத்துக்கு அனுப்புங்கள்.

பள்ளியில் சேர்க்கும் முன் ஒருமுறை, 40ஐத் தாண்டியவர்களுக்கு ஒழுங்காக, சர்க்கரை உள்ளவர்களுக்கு ஆண்டுதோறும் என்று கண் பரிசோதனையை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். தேதி போட்ட சீட்டைத் தூக்கி எறியாமல் வீட்டில் எல்லோருடையதையும் ஒரே உறையில் வையுங்கள். அடுத்த முறை பின்னத்தின் கீழ் எண் கூடியிருந்தால், ஏன் கூடியது என்று டாக்டரிடம் கேளுங்கள். அந்தக் கேள்வியை உரிய காலத்தில் கேட்டவர்கள் பலருக்குப் பார்வை தப்பியிருக்கிறது.